காலில் என்ன?

என்னிடம் பதினாறு நீள நோட்டுகள் இருக்கின்றன. 1988-இல் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்த வாரத்தில் முதல் நோட்டை வாங்கினேன். 2023-இல் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் விடிகாலையில் மைதானத்துக்குப் போகும் பழக்கம் விடவில்லை, அதனால் பதினாறாவது நோட்டு இன்னும் முடியவில்லை. தேதி, பெயர், தூரம், நேரம், வெயிலா மழையா. ஆரம்பத்து நோட்டுகளில் இவ்வளவுதான் இருக்கும். பதினான்காவது நோட்டிலிருந்து ஒரு கட்டம் கூடியிருக்கிறது. அதற்கு 'காலில் என்ன' என்று தலைப்பு. வெறுங்கால் என்றால் 'வெ'. பள்ளிக்கூட கேன்வாஸ் என்றால் 'கே'. ஸ்பைக் 'ஸ்'. சாதாரண ஓட்ட ஷூ 'சா'. கார்பன் 'கா'.

முப்பது வருஷம் தேவைப்படாத அந்தக் கட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் சேர்ந்தபோது எங்கள் பையன்களில் ஒருவனிடமும் ஷூ கிடையாது. ஆரணி ஆற்றங்கரை, ஏரிக்கரை, பனைமர வரிசையை ஒட்டிய வண்டிப்பாதை, இவைதான் எங்கள் தடம். வெறுங்காலில் ஓடுவதைப் பற்றி யாரும் தத்துவம் பேசவில்லை. ஷூ இல்லை, ஓடினார்கள். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் நான் படித்த காலத்தில் ஷிவ்நாத் சிங் பெயரை அடிக்கடி கேட்டிருந்தேன். வெறுங்காலோடு ஓடிப் பேர் வாங்கிய ராணுவ வீரர். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் பதினொன்றாவதாக வந்தார். 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி முடித்தார். அந்தத் தேசிய சாதனை நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் அசையாமல் நின்றது. பையன்கள் ஷூ கேட்கும்போதெல்லாம் அவர் கதையைச் சொல்லி வாயை அடைப்பேன். வாங்கித் தர வக்கில்லாத வாத்தியாருக்கு அது வசதியான கதை.

அந்தக் கதையை சிப்காட் முடித்துவைத்தது. தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகள் பெருகப் பெருக, பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் ராத்திரி பகலாக ஓட ஆரம்பித்தன. லாரி குலுங்கும் இடத்திலெல்லாம் இரும்புச் சுருளும் சீவலும் உதிர்ந்து கிடக்கும். பள்ளம் விழுந்த சாலைக்கு உலைக் கசடைக் கொட்டி மேவுவார்கள். அது உடைந்த கண்ணாடி மாதிரி. ஒருநாள் எட்டுக் கிலோமீட்டர் ஓட்டத்தில் ஆரம்பாக்கத்துப் பையன் ஒருவன் ஆறாவது கிலோமீட்டரில் நொண்ட ஆரம்பித்தான். முள் என்று நினைத்து நிற்காமலே ஓடி முடித்தான். முடித்த பிறகு பார்த்தால் விரல் நீளத்துக்கு ஒரு இரும்புச் சீவல் குதிகாலுக்குள் போயிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டு தடுப்பூசி போட்டு அனுப்பினார்கள். அவன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் நான் ஆறு ஜோடி வெள்ளை கேன்வாஸ் வாங்கினேன். எங்களுக்கு ஷூ வந்தது வேகத்துக்காக இல்லை. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஓடுகிறவன் கால் கிழியாமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக வந்தது.

கேன்வாஸ் வந்தபின் கெண்டைக்கால் முன்னெலும்பு வலி வந்தது. வெறுங்காலில் ஓடியவன் தரையை மெல்லத் தொட்டு ஓடினான். ஷூ மாட்டியதும் தைரியம் வந்து குதிகாலால் குத்த ஆரம்பித்தான். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ரயில் நிலையத்துப் பக்கம் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார். தேய்ந்த கேன்வாஸ்களுக்கு அவர்தான் பழைய சைக்கிள் டயரை வெட்டி அடியில் ஒட்டித் தருவார். ஒருநாள் ஒரு ஷூவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இந்தப் புள்ள ஓடல, ஓட ஓட பிரேக் போடுது" என்றார். குதிகாலின் பின்விளிம்பு சாய்வாகத் தேய்ந்திருந்தது. இன்னொரு ஷூவைக் காட்டி, "இவன் வலது பக்கம் சாயறான், இடுப்புல எதாவது கோளாறு இருக்கும் பாருங்க" என்றார். இருந்தது. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்தவன் அவன்.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை எல்லா ஷூவையும் குப்புறக் கவிழ்த்து வரிசையாக வைத்துப் பார்ப்பது என் வழக்கமானது. ஓடுகிறவன் பொய் சொல்லலாம், வலியை மறைக்கலாம். அடித்தோல் மறைக்காது. கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம் அது.

தொண்ணூறுகளில் ஸ்பைக் வந்தது. பெரியமேட்டில் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் சென்ட்ரல் போய் இறங்கினால் நடை தூரம்தான். ஜலந்தரில் செய்த ஸ்பைக் இரண்டு ஜோடி வாங்கினோம், எட்டாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும். ஏழாம் நம்பர் கால்காரன் முனையில் பேப்பர் திணித்துக்கொள்வான். 1500 மீட்டர் ஓடி முடித்தவன் மூச்சு வாங்கக்கூட நேரமில்லாமல் கழற்றிக் கொடுக்க, 3000 மீட்டர் ஓடுகிறவன் ஈரத்தோடு மாட்டிக்கொள்வான்.

1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னை நேரு ஸ்டேடியத்தில் நடந்தன. அதற்குப் பிறகு எங்கள் பையன்கள் மாநிலப் போட்டிக்கு அங்கே போய் செயற்கைத் தடத்தில் ஓடினார்கள். மண் தரையில் பழகியவன் அந்தத் தடத்தில் கால் வைத்த அன்றே நேரம் குறைந்தது. என் நோட்டில் அந்த நேரங்களையும் ஊர் மைதானத்து நேரங்களையும் ஒரே வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். தடம் மாறியதைத் தனியே குறிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கிலேயே கரித்தூள் தடம் போய்ச் செயற்கைத் தடம் வந்துவிட்டது. அதனால் ஓட்டம் கெட்டுவிட்டதா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. தடம் எல்லோர் காலுக்கும் கீழே ஒரே மாதிரி விரிந்து கிடக்கிறது. ஷூ அப்படி இல்லை, ஆளாளுக்கு அது வேறு. இந்த வித்தியாசம் உறைக்க எனக்கு இருபத்தைந்து வருஷம் ஆனது.

2019 அக்டோபர் 12, சனிக்கிழமை. மதியத்துக்குச் சற்று முன்னால் பையன்கள் ஒரே கைப்பேசியைச் சுற்றிக் குவிந்திருந்தார்கள். வியன்னாவில் கென்யாவின் எலியூட் கிப்சோகே ஓடிக்கொண்டிருந்தார். மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் முடித்தார். முறைமாற்றி ஓடிய வேகத்துணை ஓட்டக்காரர்களோடு ஏற்பாடு செய்த ஓட்டம் என்பதால் அது உலக சாதனையாகக் கணக்கில் வராது. மறுநாளே சிகாகோவில் பிரிஜிட் கோஸ்கெய் 2:14:04-இல் ஓடிப் பெண்கள் சாதனையை உடைத்தார். பதினாறு ஆண்டுகளாக நின்றிருந்த பவுலா ராட்க்ளிஃபின் சாதனை அது. இரண்டு பேர் காலிலும் நைக்கியின் அந்தத் தடித்த அடிப்பாக ஷூ.

"சார், ஷூவுலதான் சார் எல்லாம் இருக்கு" என்றான் ஒருவன். "விளம்பரம்டா" என்றேன். முப்பது வருஷம் பயிற்சி கொடுத்தவனுக்கு வேறு பதில் வாயில் வராது.

முதல் ஜோடி என் கைக்கு வந்தது 2021-இல். ரயில்வேயில் வேலையில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன், தான் ஓடியது போதும் என்று கொண்டுவந்து கொடுத்தான். எட்டாம் நம்பர். கையில் எடுத்ததும் எனக்கு முதலில் பட்டது அதன் கனமின்மை. எங்கள் பையன்களில் பாதிப் பேர் ஷிப்டு வேலைக்காரர்கள். இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூவில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர்கள். அந்தச் சேஃப்டி ஷூவில் ஒற்றைக்காலே அரைக் கிலோவுக்கு மேல் வரும். இது அதில் பாதிகூட இல்லை. காலில் நூறு கிராம் கூடினால் ஓடும் செலவு ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும் என்று ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் கனம் குறைந்ததே ஒரு லாபம்.

எட்டாம் நம்பர் கால்காரர்கள் ஐந்து பேரைப் பிடித்தேன். தேர்வாய்கண்டிகை போகிற சாலையில், லாரி குறைவாக ஓடும் ஞாயிறு விடிகாலைகளில், ஒரு வாரம் பழைய ஷூ, அடுத்த வாரம் இந்த ஷூ என்று ஐந்து கிலோமீட்டர் ஓடவிட்டேன். மூன்று பேருக்கு நேரம் நன்றாகவே குறைந்தது. ஒருவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒருவன் மெதுவாகிவிட்டான், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்றான். பிறகு பள்ளி மைதானத்து மண்ணில் ஓடிப்பார்த்தோம். வளைவுகளில் ஷூ பக்கவாட்டில் தள்ளாடியது. மண்ணில் அதனால் யாருக்கும் பெரிய பிரயோசனம் இல்லை. அன்று சாயங்காலம்தான் நோட்டில் 'காலில் என்ன' என்று புதுக் கட்டம் கிழித்தேன். விளம்பரம் என்று சொன்ன வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பின் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் புரிந்துகொண்டது இது. பையன்கள் 'கார்பன் ஷூ' என்று சொன்னாலும் வேலையில் பெரும்பங்கு கார்பன் தகட்டுடையது இல்லை, ஃபோமுடையது. நம் செருப்பிலும் சாதாரண ஷூவிலும் இருக்கும் ஈ.வி.ஏ. ஃபோமை அமுக்கிவிட்டால், வாங்கிய சக்தியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பித்தரும். இந்தப் புதிய பெபா வகை ஃபோம் 87 சதவீதம் திருப்பித்தருவதாக அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வில் அளந்தார்கள். அதே ஆய்வில் பதினெட்டு ஓட்டக்காரர்களை ஓடவிட்டபோது, அதே வேகத்துக்குச் செலவான சக்தி சராசரியாக 4 சதவீதம் குறைந்தது. பின்னால் இன்னொரு ஆய்வில் ஷூவுக்குள் இருக்கும் தகட்டைக் குறுக்கே அறுத்துவிட்டு ஓடவைத்துப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் வரவில்லை. தகடு அந்த மெத்தென்ற ஃபோமைக் கட்டிப் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவுதான். மெத்தை ஒன்றை வாங்கிவிட்டு உள்ளே இருக்கும் பலகையைப் புகழ்கிறோம்.

எல்லோருக்கும் ஒரே லாபமா என்றால் அதுவும் இல்லை. 2023-இல் வந்த ஓர் ஆய்வில் உலகத்தரக் கென்ய ஓட்டக்காரர்கள் ஏழு பேரைச் சோதித்தார்கள். தட்டையான பழைய வகைப் பந்தய ஷூவோடு ஒப்பிட்டபோது ஒருவருக்கு 11.4 சதவீதம் வரை லாபம், இன்னொருவருக்கு 11.3 சதவீதம் நட்டம். என் ஐந்து பையன்களில் ஒருவன் மெதுவானது ஏன் என்று நான் குழம்பியிருந்தேன். அவன் தனியாள் இல்லை என்று தெரிந்ததும் அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்ப என் கால் கெட்டுப்போகல இல்ல சார்?" என்றான். அதுவரை அவன் என்ன நினைத்துக்கொண்டு ஓடியிருப்பான் என்று அப்போதுதான் விளங்கியது.

என் பெரிய தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். உலகத் தடகள அமைப்பு 2020 ஜனவரி 31-இல் ஷூவுக்கு விதி போட்டது. சாலை ஓட்டத்தில் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, உள்ளே ஒரு தகட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. அந்த வருஷம் பாதியில் தடத்துக்கும் தனி அளவு வந்தது. 800 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 25 மில்லிமீட்டர். 2024 நவம்பர் முதல் தடத்தில் எல்லா ஓட்டத்துக்கும் 20 தான். முதல் விதியை மட்டும் படித்துவிட்டு நான் திருப்தியாக இருந்துவிட்டேன். 2022-இல் ஒரு பெரிய போட்டிக்கு, 5000 மீட்டர் ஓட, பீகாரிலிருந்து வந்து இங்கே உருக்காலையில் வேலை செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவனை அழைத்துப் போனேன். இங்கேயே பிறந்து என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறவன். காலில் அந்த ரயில்வே ஷூ.

போட்டிக்கு முன் பெயர் கூப்பிட்டுச் சரிபார்க்கும் அறையை நாங்கள் 'கால் ரூம்' என்போம். அன்று அது உண்மையிலேயே காலைப் பார்க்கும் அறையாகிவிட்டது. அதிகாரி ஷூவைப் பார்த்தார், தடிமனைக் கேட்டார், "தடத்துல இது ஆகாது தம்பி" என்றார். வேறு ஷூ கொண்டுவரவில்லை. பையன் என்னைத் தேடினான், நான் அறைக்கு வெளியே கம்பிக்கு அந்தப்பக்கம். "நைனா அனுப்பின ஷூ பையில இருக்கா சார்?" என்று கத்தினான். பையில் அவன் அப்பாவின் ரப்பர் செருப்புதான் இருந்தது. வெறுங்காலில் ஓடினான். செயற்கைத் தடத்தில் பன்னிரண்டரைச் சுற்று. பாதம் இரண்டும் கொப்புளம். ஆறாவதாக வந்தான். நோட்டில் 'வெ' என்று எழுதும்போது என் மேல்தான் கோபம் வந்தது. வியன்னா மாரத்தானில் 2021 செப்டம்பரில் முதலாவதாகக் கோட்டைத் தாண்டிய எத்தியோப்பியர் டெராரா ஹுரிசாவை, ஷூவின் அடிப்பாகம் 5 சென்டிமீட்டர் இருந்ததற்காகத் தகுதிநீக்கம் செய்தார்கள். அந்தச் செய்தியைப் படித்து 'என்ன பயிற்சியாளரோ' என்று சிரித்தவன் நான்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ஊர்ப்பக்கம் எட்டுக் கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் 'மாரத்தான்' என்றுதான் பேனர் கட்டுவார்கள். கோயில் திருவிழா, தலைவர் பிறந்தநாள், ரசிகர் மன்றம், எல்லாவற்றுக்கும் பரிசுத்தொகையோடு ஓட்டம். முதல் பரிசுக்கும் நான்காம் இடத்துக்கும் நடுவில் சில வினாடிதான் இருக்கும். முன்னணிக் கம்பெனியின் கார்பன் ஷூ இருபதாயிரத்தைத் தொடும். அடிடாஸ் 2023-இல் கொண்டுவந்த ஒரு ஷூ 138 கிராம்தான், விலை 500 டாலர். அதைப் போட்டுக்கொண்டுதான் எத்தியோப்பியாவின் டிக்ஸ்ட் அசெஃபா அந்த வருஷம் பெர்லினில் 2:11:53-இல் பெண்கள் சாதனை படைத்தார். இங்கே மகனுக்கு ஷூ வாங்க மணப்புரம் நகைக்கடன் கம்பெனியில் அம்மாவின் கம்மலை அடகு வைத்தவரை எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் தகடு போட்ட 'ஃபர்ஸ்ட் காப்பி'யை வாங்கி ஏமாந்தவனையும் தெரியும். அவனுடைய ஷூ மூன்றாவது வாரம் அடியோடு பிளந்து கையோடு வந்தது.

காவலர் தேர்வுக்கு ஓடுகிறவனுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடினால் போதும். ஓட்டம் பழகியவன் செருப்போடும் அதை ஓடிவிடுவான். வேகம் குறையக் குறைய இந்த ஷூவின் லாபமும் குறைகிறது. மணிக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறவர்களுக்கு அது ஒரு சதவீதம் அளவில்தான் என்று அளந்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் கடன் வாங்கி இதை வாங்க வந்தால் நான் திட்டி அனுப்புகிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போக மாநில அளவில் மூன்றாம் இடம் வேண்டும் என்று நிற்கிறவன் கேட்டால் திட்ட முடியவில்லை. மூன்றாமவனுக்கும் நான்காமவனுக்கும் நடுவே ஒரு குடும்பத்தின் முப்பது வருஷச் சம்பளம் இருக்கிறது. அவன் பக்கத்துத் தடத்தில் நிற்கிறவன் காலில் அது இருந்தால் இவன் காலிலும் இருக்கவேண்டும். நியாயம் வேறெங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்காக ஒரு தகரப் பெட்டி வைத்தோம். பழைய மாணவர்கள் சேர்ந்து ஏழு, எட்டு, ஒன்பது என்று மூன்று நம்பரில் சாலை ஓட்டத்துக்கு மூன்று ஜோடி வாங்கிக் கொடுத்தார்கள். சட்டம் ஒன்றுதான்: போட்டி அன்றைக்கு மட்டும், அதற்கு முன் பழக்கப்பட இரண்டே ஓட்டம். மற்ற நாளெல்லாம் சாதாரண ஷூ. வாரம் ஒருநாள் ஆற்றங்கரைப் புல்லில் வெறுங்கால். பதினாறு வயதுக்குக் கீழே யாருக்கும் பெட்டி திறக்காது. காரணம் இருக்கிறது. தினமும் இதையே போட்டு ஓடிய ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் பாதத்தின் நடு எலும்பில் வலி வந்து மாதக்கணக்கில் உட்காரவேண்டியதாயிற்று. கார்பன் ஷூவுக்கு மாறியவர்களுக்கு அதே நடு எலும்பில் விரிசல் வந்ததாக மருத்துவர்கள் 2023-இல் ஐந்து பேரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஐந்து பேரை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் பத்து வயதிலிருந்து வேறு வழியின்றி வெறுங்காலில் ஓடிய என் பழைய பையன்களின் பாதம் எப்படி இருந்தது என்று பார்த்தவன் நான். அந்தப் பாதத்தை முதலில் கட்டிவிட்டு அப்புறம் மெத்தை போடலாம் என்பது என் கட்சி.

நேரங்கள் நம்பத்தகுந்தவையா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். 10,000 மீட்டரில் ஹரி சந்த் 1976 மான்ட்ரியலில் 28:48.72 ஓடினார். அதை முந்த நமக்கு 2008 வரை ஆனது. சுரேந்திர சிங் 28:02.89 ஓடினார். அதை 2024-இல் குல்வீர் சிங் உடைத்தார். மறு வருஷம் அவரே 27:00.22 வரை போய்விட்டார். நாற்பத்தெட்டு வருஷத்தில் குறைந்ததைவிட அதிகமாக ஒன்றிரண்டு வருஷத்தில் குறைந்திருக்கிறது. ஸ்பைக்கிலும் புது ஃபோம் வந்ததால்தான் என்று ஒரு கட்சி. அமெரிக்காவில் மலை உயரத்தில் தங்கிப் பயிற்சி எடுத்து, தன்னைவிட வேகமானவர்கள் நடுவே ஓடியதால்தான் என்று இன்னொரு கட்சி. இரண்டும் கலந்ததுதான், பிரித்துக் காட்ட யாராலும் முடியாது. ஷூ மட்டும் போதும் என்றால் ஷிவ்நாத் சிங்கின் மாரத்தான் நேரம் 2017-லேயே கவிழ்ந்திருக்க வேண்டும். கார்பன் ஷூ கடைக்கு வந்து பல வருஷம் கழிந்தும் நம்மவர்கள் அந்த 2:12-ஐ நெருங்கத்தான் முடிந்தது.

ஆக, போட்டி ஓட்டத்துக்கு இந்த ஷூ நல்லதா என்று யாராவது கேட்டால், பழைய நேரத்தையும் புது நேரத்தையும் ஒரே தராசில் வைக்காத வரைக்கும் நல்லதுதான் என்பேன். என் நோட்டில் அதற்குத்தான் அந்தக் கட்டம். அந்தக் கட்டத்தைப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன், போன பொங்கல் வரைக்கும்.

சுண்ணாம்புகுளத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள், கல்லூரி இரண்டாம் ஆண்டு. ஏழாம் நம்பர். சாலையில் பத்துக் கிலோமீட்டரில் எங்கள் பக்கத்தில் அவளை முந்த ஆளில்லை. ஆடி மாதத்திலிருந்து அவள் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வந்தது. பயிற்சியில் பழைய ஷூவோடு நன்றாகத்தான் ஓடினாள். போட்டியில் மட்டும் இறங்கியது. மனசு எங்கேயோ போகிறது என்று முடிவு கட்டினேன். கார்த்திகையில் ஒருநாள் எல்லார் முன்னாலும், "போட்டின்னா பயம் வந்துடுச்சு உனக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "சரி சார்" என்றாள்.

பொங்கலுக்கு என் பழைய மாணவி ஒருத்தி பிள்ளைகளோடு வந்திருந்தாள். 2004 வாக்கில் 3000 மீட்டர் ஓடியவள், கேன்வாஸ்காரி. வந்தவாசி பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். செய்யாறு சிப்காட்டில் ஒரு ஷூ தொழிற்சாலையில் வேலை, தரம் பார்க்கும் பிரிவில். வெளிநாட்டு பிராண்டுகளுக்கு அங்கே தைத்து ஒட்டி அனுப்புகிறார்கள். சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து பஸ் பஸ்ஸாகப் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். பெட்டியைத் திறந்து காட்டினேன். ஏழாம் நம்பரை எடுத்து, நான் வழக்கமாகச் செய்கிற மாதிரி முதலில் திருப்பிப் பார்க்கவில்லை. அடி விளிம்பில் பசைக்கோட்டை விரலால் தடவினாள். "ஒட்டு சுத்தமா இருக்கு சார்." பிறகு கட்டைவிரலால் ஃபோமின் பக்கவாட்டை அழுத்தினாள். விட்டாள். இன்னொரு இடத்தில் அழுத்தினாள். எட்டாம் நம்பரை எடுத்து அதே மாதிரி.

"எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு சார் இது?"

தெரியவில்லை. போட்டியும் பழக்க ஓட்டமும் சேர்த்து, நாலைந்து பேர் மாற்றி மாற்றிப் போட்டது. அடிப்பக்கத்து ரப்பர் புதுசு மாதிரிதான் இருந்தது. இந்த மாதிரி அடிடாஸ் ஷூக்கள் பலவற்றின் அடியில் கான்டினென்டல் டயர் கம்பெனியின் ரப்பரைப் போடுகிறார்கள், லேசில் தேயாது. ரயில் நிலையத்துப் பெரியவர் சைக்கிள் டயரில் செய்ததைத்தான் அவர்களும் செய்கிறார்கள் என்று நான் எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறேன். மாதாமாதம் இந்த ஷூக்களையும் கவிழ்த்துவைத்துப் பார்த்து, தேயவில்லை என்று திரும்ப உள்ளே வைத்திருக்கிறேன்.

"அடி தேயல. உள்ள ஃபோம் செத்துப்போச்சு சார். இங்க பாருங்க, சுருக்கம். அமுக்கினா எழுந்து வரமாட்டேங்குது." என் கட்டைவிரலைப் பிடித்து அழுத்திக் காட்டினாள். எட்டாம் நம்பர் துள்ளியது. ஏழாம் நம்பர் பழைய தலையணை மாதிரி கிடந்தது. நானூற்றைம்பது கிலோமீட்டர் ஓடியபின் பெபா வகை ஃபோம் புதுசில் கொடுத்த லாபத்தை இழந்துவிடுகிறது என்று ஸ்பெயினில் சோதித்திருப்பதாகப் பின்னால் படித்தேன்.

அவர்கள் சாப்பிட்டுக் கிளம்பியதும் நோட்டை எடுத்தேன். சுண்ணாம்புகுளத்துப் பெண்ணின் ஆறு போட்டிகள். ஆறுக்கும் நேராக 'கா', 'கா' என்று என் கையெழுத்து. ஏழாம் நம்பரைப் போட்டவர்கள் ஒவ்வொருவராகத் தேடி, ஓடிய தூரங்களைக் கூட்டினேன். அவள் நேரம் கூட ஆரம்பித்த இடமும் கூட்டுத்தொகை நானூறைத் தாண்டிய இடமும் ஏறக்குறைய ஒரே பக்கத்தில் இருந்தன. 'காலில் என்ன' கட்டத்துக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்து இன்னொரு கோடு கிழித்தேன். 'எத்தனை கி.மீ.' என்று எழுதினேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அவள் மைதானத்துக்கு வந்தாள். மற்றவர்கள் வரட்டும் என்று காத்திருந்தேன். எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும்தான் திரும்பச் சொல்லவேண்டும்.